பிட்மனா, டீலைனா, கையடக்கத் தொலைபேசியா? கொழும்பில் ஊடகவியல் படிப்பவருக்கு

சுருக்கெழுத்துப் பழகப் போகிறேன் என்று ஊடகவியல் மாணவர் ஒருவர் வாய்திறந்தால் போதும், எந்த முறை வேகமானது என்ற விவாதம் உடனே தொடங்கிவிடும். வேகம் முக்கியம்தான். ஆனால் எழுதியதை மறுநாள் காலையில் தயங்காமல் வாசிக்க முடியுமா என்பதையே நான் முதலில் கேட்பேன். கொழும்பில் இன்னொரு தலையிடியும் உண்டு. ஒரே ஊடக சந்திப்பில் அமைச்சர் சிங்களத்தில் தொடங்குவார், வெளிநாட்டுச் செய்தியாளரின் கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வார், நம் செய்தியாசிரியரோ எல்லாவற்றையும் தமிழில் கேட்பார். லண்டனில் படிப்பவருக்காக எழுதப்பட்ட பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுதான் காரணம்.

பிட்மன் முறையிலிருந்து தொடங்கலாம். ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்ட இந்த முறை பிரித்தானியர் ஆண்ட நாடுகளில் ஆழமாக வேரூன்றியது. இங்கும் பழைய தலைமுறையினர் ‘சுருக்கெழுத்து’ என்றால் இதைத்தான் நினைப்பார்கள். எழுத்துக்கூட்டலை விட்டுவிட்டு ஒலியை எழுதுவது இதன் அடிப்படை. ‘பால்’ என்பதன் முதல் ஒலிக்கு மெல்லிய கோடு. அதையே தடிப்பாக இழுத்தால் ‘பஸ்’ என்பதன் முதல் ஒலி. உயிரொலிகள் பக்கத்தில் இடப்படும் புள்ளிகளும் சிறு கோடுகளும். வேகம் கூடும்போது அவற்றை விட்டுவிட்டு, உருவம் வரிக்கு மேலே இருக்கிறதா, வரியில் இருக்கிறதா, வரியை வெட்டுகிறதா என்பதைக் கொண்டு சொல்லை ஊகிக்க வேண்டும். தடிப்பு வேறுபாடு சாதாரண பேனையில் சரியாக விழாது. பென்சிலோ வளைந்துகொடுக்கும் முள் உள்ள பேனையோ வேண்டும்.

ஒலியை எழுதுவதால் எந்த மொழிக்கும் வளைக்கலாம் என்பது இதன் பெரிய பலம். பிட்மனை அடியொற்றிய தமிழ்ச் சுருக்கெழுத்துக்குத் தமிழ்நாட்டில் அரசுத் தேர்வே நடக்கிறது. தமிழில் தடிப்பு வேறுபாடு பெரும்பாலும் தேவைப்படாது. ஓர் எழுத்து சொல்லில் எந்த இடத்தில் வருகிறது என்பதை வைத்தே அதன் ஒலியைச் சொல்லிவிடலாம். சிங்களத்தில் அப்படியல்ல, அங்கே அது பொருளையே மாற்றும். இவ்வளவு நல்ல முறையை நான் ஏன் பரிந்துரைக்கவில்லை என்றால், பயன்படும் வேகத்தை எட்டுவதற்கு அது கேட்கும் காலம் மாணவரிடம் இல்லை. பாராளுமன்ற உரைகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்ட்டைத் தயாரிக்கும் பிரிவில் சேரும் எண்ணம் உள்ளவர் பிட்மன் பழகட்டும். சொல் தவறாமல் எழுதுவதே அங்கே தொழில். பத்திரிகையாளருக்கு ஓர் உரையிலிருந்து தேவைப்படுவது நாலைந்து வாக்கியங்கள், ஆனால் அவை பிசகக்கூடாது.

ஜோன் ரொபர்ட் கிரெக் 1888இல் கொண்டுவந்த முறையில் தடிப்பு, மெலிவு இல்லை. உயிரொலிகள் வட்டங்களாகவும் கொக்கிகளாகவும் கோட்டுக்குள்ளேயே வந்துவிடும். பார்க்கவும் அழகானது. அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த முறை, ஆனால் இங்கே கற்றுக்கொடுக்க ஆள் தேடி அலைய வேண்டும். அதனால் விட்டுவிடுகிறேன்.

டீலைன் வேறு வகை. பிட்மன் கற்பித்துவந்த ஜேம்ஸ் ஹில் 1968இல் வெளியிட்டது. ஆங்கில எழுத்துகளின் உருவத்தையே செதுக்கிச் சிறிதாக்கி, ஒலிக்காத எழுத்துகளையும் இடையில் வரும் பெரும்பாலான உயிர்களையும் தள்ளிவிடுவதுதான் உத்தி. எந்தப் பேனையும் போதும். எழுத்துகள் தெரிந்தவையாக இருப்பதால் முதல் வாரமே சொற்களை எழுதத் தொடங்கலாம். பிரித்தானியாவின் ஊடகப் பயிற்சித் தேர்வில் நிமிடத்துக்கு 100 சொற்கள் என்ற வேகம் நெடுங்காலமாக உயர்தர அளவுகோல். அங்கே அதை எட்டிப்பிடிக்கும் மாணவர்களில் பெரும்பாலானோர் எட்டுவது டீலைன் வழியாகத்தான்.

தமிழுக்கு டீலைன் சரிவருமா? நம் பிள்ளைகள் குறுஞ்செய்தியில் தமிழையும் சிங்களத்தையும் ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகியவர்கள், ஆகவே கை ஓடும். வாசிக்கும்போதுதான் வினை. இடை உயிரைத் தள்ளினால் ‘வந்தான்’, ‘வந்தேன்’ இரண்டும் ஒரே கோடு. யார் வந்தார் என்பதே போய்விடும். இதைவிட மோசமான பொறி எதிர்மறை. ஆங்கிலத்தில் மறுப்பு பெரும்பாலும் வினைக்கு முன்னால் வந்துவிடுகிறது. தமிழிலும் சிங்களத்திலும் அது கடைசியில் வருகிறது. ‘விலையை உயர்த்தும் எண்ணம் அரசாங்கத்துக்கு’ வரை எழுதிவிட்டு இரண்டு சொல் பின்தங்கினால், தவறிப்போவது ‘இல்லை’ என்ற அந்த ஒரு சொல். நாளைய தலைப்பே தலைகீழாகிவிடும்.

எனவே ஆங்கிலத்துக்கு டீலைன், தமிழுக்கும் சிங்களத்துக்கும் சொந்தக் குறிகள் என்ற கலப்புத்தான் என் தேர்வு. தூய்மைவாதிகள் முகம் சுளிக்கலாம். சொந்தக் குறி என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. விளக்கமறியலுக்கு ‘விம’, சட்டமா அதிபருக்கு ‘சமா’, சந்தேகநபருக்கு ‘ச’ போட்டு மேலே ஒரு கோடு. சொல்லின் முன்பகுதியை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம், வினையின் விகுதியை வெட்டவே கூடாது. எதிர்மறை வந்ததும் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி. பேசியவர் எந்த மொழியில் சொன்னார் என்பதற்கும் ஓரெழுத்து தேவை. மொழிபெயர்த்த வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போடும்போது அது உதவும். எண்களைக் கேட்டபடியே, அலகோடு எழுத வேண்டும். ‘ஒன்றரைக் கோடி’ என்று காதில் விழுந்ததை அந்த இடத்திலேயே 15 மில்லியனாக மாற்ற முயல்வது ஒரு சுழியத்தைத் தொலைப்பதற்கான சுருக்கு வழி.

இவ்வளவும் எதற்கு, கையடக்கத் தொலைபேசி இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், ஊடக சந்திப்பில் மேசையில் வைத்து ஒலிப்பதிவை ஓடவிடுங்கள். ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று ஒருவர் மறுநாள் மறுத்தால் அதுதான் காப்பாற்றும். தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் வசதியும் இப்போது தொலைபேசியிலேயே உண்டு. ஒருவர் ஒரே மொழியில் நிதானமாகப் பேசினால் ஓரளவு ஒப்பேறும். மூன்று மொழி கலந்து, பின்னணியில் மின்விசிறியும் இருமலுமாக வரும் கொழும்புப் பேச்சில் அது கொட்டித் தள்ளுவதைத் திருத்துவதற்குள் அச்சுக்குப் போகும் நேரம் வந்துவிடும். புதுக்கடை நீதிமன்ற மண்டபத்துக்குள்ளோ தொலைபேசியை எடுக்கவே முடியாது. நீதவான் பிணை நிபந்தனைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லும்போது உங்களிடம் இருப்பது கொப்பியும் பேனையும்தான். நீதிமன்றச் செய்தி எழுத விரும்புபவருக்கு ஒலிப்பதிவு ஒரு தெரிவே அல்ல.

வகுப்புக்குப் பணம் கட்டுமுன் டீ. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளை ஒருமுறை கிளறிப் பாருங்கள். கிடைத்ததைப் புரட்டினாலே எந்த முறை உங்கள் கைக்கு இணங்கும் என்று தெரிந்துவிடும். பயிற்சிக்குப் பாராளுமன்ற நேரடி ஒளிபரப்பைப் பயன்படுத்துங்கள். உறுப்பினர் பேசிய மொழியிலேயே ஹன்சார்ட் அச்சாகிறது, பாராளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. தமிழ் உரை ஒன்றைக் குறித்துவைத்து, சில நாள் கழித்துக் கொப்பியைப் பார்த்து முழுதாக எழுதி, ஹன்சார்ட்டோடு ஒப்பிடுங்கள். பிழைகளை எண்ணும்போது விடுபட்ட பெயரடைகளைப் பெரிதுபடுத்த வேண்டாம். விகுதியும் எண்ணும் ‘இல்லை’யும் எத்தனை இடத்தில் தவறின என்று மட்டும் பாருங்கள்.