மூடுபனியா, கவ்வாத்துச் செடியா?

2014 அக்டோபர் 29 அன்று இலங்கை மலையகத்தின் கொஸ்லந்தை மீரியபெத்த தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்தது. அப்படியொரு சரிவில் தாயை இழந்த லயத்துச் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) சிறுமி மெல்ல மீள்வதை இளையோர் நாவலில் எந்தப் படிமத்தைக் கொண்டு காட்டுவது?

விலகும் மூடுபனி அழகுதான். ஆனால் மலைநகரான அப்புத்தளையில் காலையில் விலகிய பனி மாலையிலேயே திரும்பிவிடும்.

நான் கவ்வாத்து வெட்டிய, அதாவது கிளைகளைக் கத்தரித்துவிட்ட, தேயிலைச் செடியையே தேர்வேன். வெட்டியதும் காய்ந்த குச்சிகளைப் போல நிற்கும். வேரில் சேர்த்துவைத்த மாவுச்சத்தைக் கொண்டுதான் துளிர்விடும். அது குறைந்திருந்தால் பட்டுப்போகவும் கூடும். அதனால்தான் சில இடங்களில் ஓரிரு இலைக்கிளைகளை வெட்டாமல் விடுகிறார்கள். அந்தக் கிளைதான் அவளுடைய அம்மாயி, அம்மாவின் அம்மா! துளிர்த்தவுடனே யாரும் கொழுந்து பறிப்பதில்லை. அதுபோலவே கடைசி அத்தியாயத்திலும் அவள் முழுதாகச் சிரிக்க வேண்டியதில்லை.