அலாய் வீல் மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு: இ.டி. நம்பர் தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள்

கோவையில் அலாய் வீல், டயர் அப்சைஸ் செய்து தரும் ஒரு கடையில் எனக்கு நடந்தது இது. புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை.

என் ஹேட்ச்பேக்கில் கம்பெனி கொடுத்தது 185/65 ஆர்15 டயர், 5.5ஜே (அதாவது 5.5 இன்ச் அகல) ரிம், இ.டி. 45 (வீல் எவ்வளவு உள்ளே, வெளியே நிற்கும் என்று சொல்லும் நம்பர், கீழே விளக்கியிருக்கிறேன்). பதினாறு இன்ச் அலாய் வேணும், ஆனால் வண்டி நிறைய ஆள் ஏறினாலும் எங்கேயும் உரசக் கூடாது என்று சொல்லித்தான் பேச்சையே ஆரம்பித்தேன். "உங்க வண்டிக்கு அம்சமா உக்காருங்ணா, நான் கேரண்டி" என்றார் கடைக்காரர். மாட்டியதோ 205/60 ஆர்16 டயர், 7ஜே ரிம், இ.டி. 25. நாலு போல்ட் ஓட்டையும் பொருந்துகிறதா என்பதற்கு மேல் அவர் எதையும் பார்க்கவில்லை. பழைய செட்டை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார். ஜி.எஸ்.டி. பில் கேட்டதற்கு ஒரு எஸ்டிமேட் சீட்டுதான் கிடைத்தது.

ஊருக்குள் தனியாக ஓட்டியவரை ஒன்றும் தெரியவில்லை. பின் சீட்டில் அம்மா, அத்தை, தம்பி மூவரையும் ஏற்றிக்கொண்டு ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போதுதான் தெரிந்தது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் முன்பக்கம் பிளாஸ்டிக் லைனரில் சரசரவென்று தேய்க்கும். குழியில் இறங்கினால் பின்னால் இடிக்கும், கூடவே கருகிய ரப்பர் வாடை. ஓரங்கட்டி டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் டயரின் வெளி ஓரத்தில் பிளேடால் கீறியதுபோல் சுற்றிலும் ஒரே கோடு. வீல் ஆர்ச் (டயருக்கு மேலே பாடியில் இருக்கும் வளைவு) விளிம்பில் பெயிண்ட் போய்த் தகரம் தெரிந்தது. இரண்டு வயதானவர்களை உட்கார வைத்துக்கொண்டு, மலைப்பாதையில் அந்த டயரை நம்பி இறங்க வேண்டியிருந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கடையில் போய்க் கேட்டால், "ஓட ஓட செட்டாயிருங்ணா." மறுபடி போனபோது, ஸ்பிரிங் நடுவே ரப்பர் பஃபர் போட்டு வண்டியைத் தூக்கிவிடலாம் என்று அதற்குத் தனி ரேட் சொன்னார். கடைசியில், ஆர்ச் விளிம்பைத் தட்டி மடக்கிவிடலாமாம்! பழைய செட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். வித்தாச்சாம்.

கணக்கைப் பாருங்கள். 185/65 ஆர்15 என்றால் டயர் அகலம் 185 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் விட்டம் 15 இன்ச். ரிம் விட்டத்தோடு பக்கச் சுவரை இரண்டு முறை கூட்டினால் டயர் விட்டம் சுமார் 621 மி.மீ. அவர் போட்டது 652. ஆரத்தில் மட்டும் 15 மி.மீ. கூடுதல், மீட்டர் 100 காட்டும்போது வண்டி 105 போகும்.

அடுத்தது இ.டி., அதாவது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (வண்டியில் வீலை போல்ட் போட்டு மாட்டும் இடம்) உட்காரும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதுதான் அந்த நம்பர். நம்பர் குறையக் குறைய வீல் வெளியே வரும்; கூடக் கூட உள்ளே சஸ்பென்ஷன் பக்கம் போகும். ரிம் அகலத்தில் பாதியிலிருந்து இ.டி.யைக் கழித்தால் வெளி விளிம்பு எங்கே நிற்கும் என்று தெரிந்துவிடும். 5.5ஜே என்பது 140 மி.மீ.; பாதி 70, அதில் 45 போனால் 25. 7ஜே 178, பாதி 89, அதில் 25 போனால் 64. ரிம் விளிம்பே 39 மி.மீ. வெளியே வந்துவிட்டது. இதற்கு ரப்பர் பஃபர் எப்படி மருந்தாகும்?

இதே ஆள் 195/55 ஆர்16 டயரை 6ஜே, இ.டி. 45 ரிம்மில் போட்டிருந்தால் விட்டம் அதே 621 தான். ரிம் பக்கத்துக்கு 6 மி.மீ. மட்டும் கூடியிருக்கும். அந்த சைஸில் லோட் இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடைக்கான குறியீட்டு எண்) 87-ம் வரும், 91-ம் வரும். பழைய டயரில் 88 இருந்தால் 91 தான் வாங்க வேண்டும்.

இன்னொன்று. புது ரிம்மின் நடு ஓட்டை 73.1 மி.மீ., என் வண்டி ஹப் 54.1. அந்த இடைவெளியை நிரப்பப் போட வேண்டிய ஹப் ரிங் என்ற வளையத்தைப் போடவே இல்லை. 80-க்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கியது அதனால்தான். வேறு கடையில் ரிங் போட்டதும் நடுக்கம் நின்றது. உரசல் அப்படியே இருக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் கிடையாது. எஸ்டிமேட் சீட்டு, பணம் அனுப்பிய யு.பி.ஐ. ரசீது, டயர் கீறல் போட்டோ எல்லாம் வைத்திருக்கிறேன்.

எங்காவது அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறீர்களா? ரிம்மின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அகலமும் இ.டி.யும் பெரும்பாலும் அங்கேயே பொறித்திருக்கும். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் டயர் சைஸோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மாட்டிய பிறகு பின் சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுசாக ஒடித்து, ஒரு வேகத்தடையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். அதுவரை பழைய செட்டைக் கடையில் விடாதீர்கள், மீதிப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.