கடிக்கிற கிளட்சும் வழுக்குகிற கிளட்சும்: 50,000 கிலோமீட்டர் அனுபவம்

காரின் என்ஜின் கம்ப்யூட்டரில் சக்தியைக் கூட்டும் புது மேப் (செட்டிங்) போட்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். நாலாவது கியரில் 2,500 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருந்தவன், முன்னால் போன லாரியை முந்த ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தேன். ஆர்பிஎம் முள் விர்ரென்று 4,000-ஐத் தாண்டியது. வண்டி மட்டும் அதே வேகத்தில் உருண்டுகொண்டிருந்தது. பின்னாலேயே கருகல் வாடை. கம்பெனி கிளட்ச் அதோடு சரி.

வண்டி 2 லிட்டர் டர்போ பெட்ரோல், முன் சக்கர இயக்கம், ஆறு கியர் மேனுவல். ஃபேக்டரிக் கணக்கில் டார்க், அதாவது சுழற்றும் விசை, 300 நியூட்டன் மீட்டர். இன்டர்கூலர், எக்ஸாஸ்ட், மேப் எல்லாம் முடிந்தபின் டைனோவில் (சக்தியை அளக்கும் உருளை மேடை) சக்கரத்தில் 360 வந்தது. தினமும் வேலைக்குப் போவது இதில்தான். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை டிராக். கிளட்ச் தேடும்போது நான் டிராக் நாட்களை மட்டுமே நினைத்துக்கொண்டேன். எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் வாங்கியது 'ஸ்டேஜ் 3' என்று பெயர் போட்ட ஆறு துண்டு செராமிக், அதாவது உராயும் பொருள் முழு வட்டமாக இல்லாமல் ஆறு செராமிக் துண்டுகளாக இருக்கும் கிளட்ச். 600 நியூட்டன் மீட்டர் தாங்கும் என்று எழுதியிருந்தது. இந்த ஸ்டேஜ் எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒருவரின் 2 இன்னொருவரின் 3. அது அப்போது எனக்குத் தெரியாது. எண் பெரிசு, வாங்கிவிட்டேன்.

நெடுஞ்சாலையில் அருமை. கியர் மாற்றினால் சுவிட்ச் போட்டது மாதிரி பிடிக்கும். டிராபிக்கில்தான் நரகம். பெடலில் ஒரு விரல்கடை தூரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்: அதற்குக் கீழே பிடி இல்லை, மேலே முழுப் பிடி. ரிவர்ஸில் மேடு ஏறினால் டேஷ்போர்டு முழுக்க உதறும். என் மனைவி ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதை நீங்களே வச்சுக்கோங்க" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டாள். பெடலும் கல். நெரிசலில் அரை மணி நேரம் நின்றால் இடது முழங்கால் சொல்லிக் காட்டும்.

14,000 கிலோமீட்டரில் கியர்பாக்ஸை இறக்கினோம். கிளட்ச் பிளேட்டில் பாதித் தேய்மானம்கூட இல்லை. ஆனால் ஃப்ளைவீல் (என்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம், கிளட்ச் பிளேட் இதில்தான் அழுந்திப் பிடிக்கும்) முகத்தில் நீலம் நீலமாகச் சூட்டுத் தழும்புகள். காரணம் நான்தான். உதறலுக்குப் பயந்து ஆர்பிஎம்மை ஏற்றிவைத்து அரை கிளட்சில் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க் தாங்கும் என்பதை நாலே விஷயங்கள் தீர்மானிக்கின்றன: உராயும் பொருளின் பிடிப்பு, கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, உராய்வு வளையத்தின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. எதைக் கூட்டினாலும் எங்கோ ஒரு இடத்தில் வசூலாகிவிடும். செராமிக் போட்டுப் பிடிப்பைக் கூட்டினால் கடி, அதாவது வெடுக்கென்று பிடிக்கும். பல துண்டு பிளேட்டுகளில் இரு முகங்களுக்கும் நடுவே இருக்கவேண்டிய அலை வடிவ மெல்லிய ஸ்பிரிங் இருக்காது. பிடி மெதுவாக ஏறுவதே அந்த ஸ்பிரிங்கால்தான். விசையைக் கூட்டினால் பெடல் கனக்கும். பெடலை மிதிக்கும்போதெல்லாம் அந்த விசை கிராங்க்ஷாஃப்டை (என்ஜினின் முக்கியச் சுழல்தண்டு) முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் மேல் போகிறது, பெடல் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கடத்தும் ஸ்லேவ் சிலிண்டரின் சீலும் சேர்ந்து அடி வாங்குகிறது. ஆரத்தைக் கூட்ட, கிளட்சை மூடியிருக்கும் பெல்ஹவுசிங் கூட்டில் இடம் இல்லை. மிச்சம் முகங்களின் எண்ணிக்கை, அதாவது ஒன்றுக்குப் பதில் இரண்டு பிளேட் வைத்த ட்வின் பிளேட். பெடல் இலேசாகவே இருக்கும், டார்க்கும் தாங்கும். காசுதான் கூட. நண்பர் வண்டியில் இருக்கிறது. சிக்னலில் பெடலை மிதித்தால் சில்லறை டப்பாவைக் குலுக்குவது போல ஒரு சத்தம்.

இதைவிட என் மண்டையில் உறைத்தது வேறு ஒரு கணக்கு. நிற்கிற வண்டியை நகர்த்தும்போது என்ஜின் சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை. அந்த வித்தியாசத்தை வழுக்கித்தான் சமாளிக்க வேண்டும். என்ஜினை ஒரே ஆர்பிஎம்மில் வைத்துக் கிளட்சை விட்டால், வண்டிக்குப் போய்ச் சேருகிற ஆற்றல் எவ்வளவோ அதே அளவு கிளட்சில் சூடாக எரிகிறது. ஆக, தெருவில் ஓடுகிற காரில் கிளட்சுக்கு ஒரு நாளைக்கு நூறு தடவை வழுக்குவதுதான் வேலை. நான் வாங்கியதோ வழுக்கத் தெரியாத ஒன்று.

இரண்டாவது தடவை கணக்குப் போட்டு வாங்கினேன். சக்கரத்தில் 360 என்றால், கியர்பாக்ஸ் வழியில் வீணாகிப் போகிற 10-15 சதவீதத்தைச் சேர்த்து கிராங்கில் (என்ஜினிலேயே) 410-ஐ ஒட்டி வரும். அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு வைத்தால் 500 போதும். தாங்கும் அளவு கிராங்கிலா சக்கரத்திலா என்று விற்பவரிடம் கட்டாயம் கேளுங்கள். குதிரைத்திறனைச் சொல்லிக் கிளட்ச் கேட்காதீர்கள். 300 குதிரைத்திறனை 8,000 ஆர்பிஎம்மில் தரும் என்ஜின் அந்த இடத்தில் கொடுக்கும் டார்க் 265 நியூட்டன் மீட்டர்தான். அதையே 5,000-ல் தந்தால் 420-ஐத் தாண்டும். கிளட்சுக்கு இரண்டும் ஒன்றல்ல.

கெவ்லர் இழையில் செய்த பிளேட்டையும் யோசித்தேன். நீண்ட நாள் உழைக்கும், ஆனால் பழக்க நிறைய கிலோமீட்டர் கேட்கும், ஒருமுறை சூடாகிப் பளபளப்பு ஏறிவிட்டால் பழைய பிடி திரும்பாது. கடைசியில் எடுத்தது கம்பெனி கிளட்ச் மாதிரியான முழுவட்ட ஆர்கானிக் பிளேட், அதிர்வை வாங்க ஸ்பிரிங் வைத்த ஹப் (பிளேட்டின் நடுப்பகுதி), ஓரளவு கூடுதல் விசையுள்ள பிரஷர் பிளேட்.

ஃப்ளைவீலிலும் முதலில் ஆசைப்பட்டு மிக இலேசானதைப் போட்டிருந்தேன். கம்பெனியின் இரட்டை நிறை ஃப்ளைவீல் (நடுவே ஸ்பிரிங் வைத்த இரண்டு பாகம்) விழுங்கிக்கொண்டிருந்த அதிர்வெல்லாம் கியர்பாக்ஸுக்குப் போனது. நியூட்ரலில் ஐடிலில் கடகட, பெடலை மிதித்தால் அமைதி. கிளம்பும்போது வண்டி அடிக்கடி அணைந்தும் போகும். இப்போது இருப்பது நடுத்தர எடையில் ஒற்றை நிறை. கடகட குறைந்திருக்கிறது, போகவில்லை. பழகிவிட்டது.

முதல் தடவை கியர்பாக்ஸை இறக்கியபோது கிராங்கின் பின்பக்க ஆயில் சீலை மாற்றலாமா என்று மெக்கானிக் கேட்டார். நல்லாத்தானே இருக்கிறது, வேண்டாம் என்றேன். ஆறு மாதத்தில் கசிவு. அந்தச் சின்ன ரப்பருக்காக மறுபடி முழுக் கூலி. பிளேட்டில் எண்ணெய் படவில்லை என்பது என் அதிர்ஷ்டம். இந்த முறை சீல், ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல் போல்ட் எல்லாமே புதுசு.

புது கிளட்சை 800 கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே, பூஸ்டை (டர்போ தரும் காற்றழுத்தம்) குறைத்த மேப்பில் ஓட்டினேன். நின்று நின்று கிளம்பினால்தான் முகம் சீராகப் படியும். நெடுஞ்சாலையில் ஆயிரம் கிலோமீட்டர் போனாலும் கணக்கில் வராது. பொறுமையைச் சோதித்த மூன்று வாரம் அது.

அதன்பின் 36,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. பெடல் பழைய கம்பெனி பெடலைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். மனைவி ஓட்டுகிறாள். ஒரே ஒரு முறை கைவிட்டது: டிராக்கில் விடாமல் நாலு லாஞ்ச் (நின்ற இடத்திலிருந்து முழு வேகப் புறப்பாடு) போட்டேன், நாலாவதில் வாடை வந்து வழுக்கியது. கால் மணி நேரம் ஆறவிட்டதும் பிடி திரும்பியது. பழைய செராமிக்காக இருந்தால் அசந்திருக்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வாரம்தோறும் டிராக் போகிறவர் என்னைப் பின்பற்ற வேண்டாம்.

பெரிய டர்போ ஆசை இன்னும் இருக்கிறது. கிராங்கில் 500 தாண்டினால் ட்வின் பிளேட்தான், சில்லறைச் சத்தத்தோடு. இப்போதைக்குப் பெடல் பிடிக்கும் இடம் முன்பைவிட லேசாக மேலே ஏறியிருக்கிறது, தேய்மானம்தான். மாதம் ஒரு தடவை காலிச் சாலையில் நாலாவது கியரில் 2,500-லிருந்து முழுசாக மிதித்துப் பார்க்கிறேன். போன வாரமும் பார்த்தேன், முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏறின.