4 ஜிபி போனும் 8 ஜிபி போனும்: ஐந்து ஆண்டுகள் பயன்படுத்திப் பார்த்ததில்

புதுப் போன் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை ஜிபி ரேம் எடுக்கட்டும்?" என்றுதான். ரேம் என்றால் திறந்திருக்கும் ஆப்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம். நானும் பல ஆண்டுகள் அதை மட்டும் பார்த்துத்தான் போன் வாங்கினேன். 2020-ல் வாங்கிய 4 ஜிபி போன் ஒன்று, 2023 கடைசியில் வாங்கிய 8 ஜிபி போன் ஒன்று. இரண்டும் ஆண்ட்ராய்டு, இரண்டிலும் எட்டு கோர் பிராசசர் (கோர் என்றால் பிராசசருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி). என் பயன்பாடு எல்லோரையும் போலத்தான்: மெசேஜ், வங்கி ஆப், மேப், பிரவுசர், போட்டோ, வீடியோ கால். கேம் விளையாடுவதில்லை. பெரிய கேம்களுக்காகவே போன் வாங்குகிறவர்களின் கணக்கு வேறு, அதை இங்கே தொடவில்லை.

4 ஜிபி போனில் முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு குறையும் தெரியவில்லை. மூன்றாவது ஆண்டில் ஒரு தொல்லை ஆரம்பித்தது. வங்கி ஆப்பில் பெறுபவர் பெயர், தொகை எல்லாம் நிரப்பி, ஓடிபி வந்ததும் மெசேஜைத் திறந்து ஆறு எண்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். ஆப் லாகின் திரையில் போய் நிற்கும். மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி பெயர், மறுபடி தொகை. அதற்குள் அந்த ஓடிபி காலாவதி ஆகியிருக்கும். கடைசியில் வேறு வழியில்லாமல், ஆப்பை விட்டு வெளியே போகாமல் மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்து எண்ணைப் படிக்கப் பழகிக்கொண்டேன்.

ரேம் போதாத போன் ஒரு மறதிக்காரப் போன். நாம் ஒரு ஆப்பை விட்டு வெளியே வந்ததும் ஆண்ட்ராய்டு அதை உடனே மூடிவிடாது. திரும்பி வருவோம் என்று ரேமிலேயே வைத்திருக்கும். இடம் நெருக்கடியானால், எதை மூடினால் நமக்கு அவ்வளவாகத் தெரியாது என்று வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாக மூடும். ஆண்டுக்கு ஆண்டு ஆப்கள் பெருத்துக்கொண்டே போக, 4 ஜிபியில் அந்த வரிசை சீக்கிரம் தீர்ந்து, இரண்டு நிமிடம் முன்பு பயன்படுத்திய ஆப் வரைக்கும் வந்துவிடுகிறது.

ஆனால் அதே போனில் ஸ்க்ரோல் செய்தால் வழுக்கிக்கொண்டு போகும். கேமரா பட்டனைத் தொட்ட கணத்தில் படம் விழும். அதன் அருமை எனக்கு அடுத்த போன் வந்த பிறகுதான் புரிந்தது.

8 ஜிபி போன் வந்த முதல் நாளே ஓடிபி தொல்லை தீர்ந்தது. பிரவுசரில் பத்துப் பன்னிரண்டு டேப் திறந்து வைத்தாலும் மறுநாள் அப்படியே இருந்தன. இதை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் "ரேம் எல்லாம் சும்மா" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சும்மா இல்லை. அந்த வித்தியாசத்தை நான் தினமும் உணர்ந்தேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு காலை, மெசேஜ் டைப் செய்துகொண்டிருந்தேன். விரல் கீபோர்டில் ஓடுகிறது, திரையில் ஒரு எழுத்தும் வரவில்லை. இரண்டு நொடி கழித்து முழு வார்த்தையும் ஒரேயடியாக வந்து விழுந்தது. மறுபடியும் அப்படியே. என்ன என்று பார்த்தால், பின்னணியில் மூன்று ஆப்கள் அப்டேட் ஆகிக்கொண்டிருந்தன. செட்டிங்ஸில் போய் ரேமைப் பார்த்தேன். 3 ஜிபிக்கு மேல் காலியாக இருக்கிறது! இவ்வளவு ரேம் சும்மா கிடக்கும்போது போன் ஏன் மூச்சு வாங்குகிறது என்று அன்றைக்குத்தான் தேட ஆரம்பித்தேன்.

காரணம் ஸ்டோரேஜ், அதாவது ஆப்களும் படங்களும் நிரந்தரமாக இருக்கும் இடம். அந்த போனில் இருந்தது இஎம்எம்சி 5.1 வகை. பழைய 4 ஜிபி போனில் இருந்ததோ யூஎஃப்எஸ் 2.1. இஎம்எம்சி ஒருவழிப் பாலம் மாதிரி. ஒரு நேரத்தில் படிக்கலாம் அல்லது எழுதலாம், இரண்டும் சேர்ந்து நடக்காது. யூஎஃப்எஸ்ஸில் போக ஒரு பாதை, வர ஒரு பாதை. வேகத்திலும் நல்ல வித்தியாசம் உண்டு. இஎம்எம்சி 5.1-ன் உச்ச வரம்பே நொடிக்கு 400 எம்பி. யூஎஃப்எஸ்ஸில் 2.1-க்குப் பின்னால் வந்த 3.1-ல் அந்த வரம்பு 2,900 எம்பி. நடைமுறையில் இரண்டுமே இதற்குக் கீழேதான் நிற்கும், ஆனாலும் இடைவெளி இடைவெளிதான். அப்டேட் என்றால் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருக்கும் வேலை. அந்த நேரத்தில் நான் திறக்கும் எதுவும் பாலத்தின் இந்தப் பக்கம் காத்துக்கிடக்க வேண்டியதுதான். கேலரியில் படங்கள் சாம்பல் கட்டங்களாக நின்று மெல்ல மெல்லத் தெளிந்ததற்கும் இதே காரணம்.

பெட்டியின் மேல் "8 ஜிபி" என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஸ்டோரேஜ் எந்த வகை என்று எங்கேயும் ஒரு வரி இல்லை. அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். வாங்குகிறவருக்குத் தெரிந்தாக வேண்டிய தகவல் அது.

அந்தப் பெட்டியிலேயே "கூடுதல் 8 ஜிபி ரேம்" என்றும் இருந்தது. இது விர்ச்சுவல் ரேம். ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ஒதுக்கி, ரேமில் இருப்பதைக் கொஞ்சம் அங்கே தள்ளிவைக்கும் ஏற்பாடு. ஏற்கெனவே மெதுவான ஸ்டோரேஜின் தலையில் இந்தச் சுமையையும் ஏற்றினால் என்ன ஆகும்? செட்டிங்ஸில் அதை அணைத்துவிட்டு ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்தேன். ஆப்கள் முன்பு போலவே நினைவில் நின்றன, திணறல் கொஞ்சம் குறைந்தது. 8 ஜிபி உள்ள போனில் இதை அணைத்து வைப்பதே நல்லது என்பது என் அனுபவம்.

அப்புறம் பிராசசர். இரண்டிலும் எட்டு கோர் என்றேன். பழைய போனில் கார்டெக்ஸ் ஏ76 என்ற பெரிய, வேகமான கோர் இரண்டு, ஏ55 என்ற சின்ன கோர் ஆறு. புதியதில் கார்டெக்ஸ் ஏ75 இரண்டு, ஏ55 ஆறு. அதாவது பின்னால் வாங்கிய போனில் இருந்த பெரிய கோர்கள் ஒரு தலைமுறை பழையவை. எட்டு, எட்டு என்று எண்ணிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. ஒரு வெப்சைட்டைத் திறக்கும்போது முக்கியமான வேலையில் பெரும்பகுதி ஒரே கோரின் மேல்தான் விழுகிறது. மற்ற ஏழும் அதைப் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது என்றால் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிநொடி. 90 முறை என்றால் 11 மில்லிநொடிதான். அதற்குள் அந்த ஒரு கோர் வேலையை முடிக்காவிட்டால் திரை ஒரு தடவை தடுக்கும். அதைத்தான் நாம் 'லேக்' என்கிறோம். என் இரண்டாவது போனில் 90 ஹெர்ட்ஸ் திரை இருந்தது. கோருக்கு அந்த வேகம் கைகூடாமல், 60 ஹெர்ட்ஸில் வைத்தபோதுதான் ஸ்க்ரோல் சீராக இருந்தது.

சூட்டையும் கவனித்தேன். சார்ஜ் போட்டுக்கொண்டே அரை மணி நேரம் வீடியோ கால் பேசினால் அந்த போனின் பின்பக்கம் கையில் சுடும். சூடு ஏறினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழையதில் 8 நானோமீட்டர் சிப், புதியதில் 12 (இந்த எண் சின்னதாக இருந்தால் பொதுவாகச் சூடு குறைவு). அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

என் அக்காவுக்கு ஒரு பழக்கம். போனை எடுத்ததும் திறந்திருக்கும் ஆப்களை எல்லாம் ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூடுவாள். "ரேம் நிறைஞ்சிருச்சுடா, அதான் போன் ஸ்லோ" என்பாள். இரண்டு போனையும் அவள் முன்னால் வைத்துக் காட்டினேன். நினைவில் இருக்கும் மேப் ஆப் தொட்டதும் வந்து நின்றது. முழுதாக மூடிவிட்டுத் திறந்தபோது 8 ஜிபி போனில் ஐந்து நொடி பிடித்தது. மூடிய ஆப்பைத் திரும்பவும் ஸ்டோரேஜிலிருந்து எடுத்து, பிராசசரை வைத்து முதலிலிருந்து கிளப்ப வேண்டும். பேட்டரியும் அதிகம் போகும். ரேமைச் சுத்தம் செய்கிறோம் என்று சொல்லும் ஆப்களையும் இதே காரணத்துக்காகத்தான் நீக்கச் சொன்னேன்.

ஸ்டோரேஜ் நிரம்பினால் நிலைமை இன்னும் மோசம். ஃபிளாஷ் மெமரியில் பழையதை அழிக்காமல் அதே இடத்தில் புதியதை எழுத முடியாது. காலி இடம் குறையக் குறைய, எழுதும் ஒவ்வொரு முறையும் இடத்தை ஒழித்துக்கட்டுவதே பெரிய வேலையாகிவிடும். 8 ஜிபி போனில் 5 சதவீதம்தான் காலி என்ற நிலையில் கேமரா திறக்கவே திணறியது. பழைய வீடியோக்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக்கினேன். அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது.

8 ஜிபி போனை இந்த ஆண்டு மாற்றிவிட்டேன். இப்போது கையில் இருப்பதில் ரேம் 6 ஜிபிதான், ஆனால் இன்னும் புதிய தலைமுறை ஏ78 கோர்களும் யூஎஃப்எஸ் 3.1-ம் இருக்கின்றன. 8 ஜிபியிலிருந்து இறங்கி வாங்குகிறாயே என்று வீட்டில் கேட்டார்கள். நாலு மாதம் ஆகிறது, ஓடிபி பார்த்துத் திரும்பினால் வங்கி ஆப் விட்ட இடத்திலேயே நிற்கிறது. மூன்றாவது ஆண்டிலும் நிற்குமா என்பதுதான் எனக்கிருக்கும் ஒரே கவலை. 4 ஜிபி போனோ புது பேட்டரி போட்டுக்கொண்டு அக்காவிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடிபி வந்தால் அவளும் இப்போது மேலிருந்து இழுத்துத்தான் படிக்கிறாள்.