பிடியும் பதமும்: டவுன்ஹில், எண்டூரோ பிரேக்குகள் ஓர் ஒப்பீடு

மலைச் சைக்கிளில் சரிவில் இறங்கும் பந்தயமான டவுன்ஹில்லுக்கோ, ஏறியும் இறங்கியும் ஓட்டும் எண்டூரோவுக்கோ ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் இயங்கும்) டிஸ்க் பிரேக் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எது நல்லாப் பிடிக்கும்?" என்றுதான். இந்தக் கேள்வியை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. நான்கு பிஸ்டன் (பிரேக் கட்டைகளைத் தள்ளும் உருளைகள்) கொண்ட தரமான பிரேக் எதுவானாலும், ஒற்றை விரலால் இழுத்தாலே சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் சறுக்கும், நாம் சொன்ன பக்கம் திரும்பாது. அதனால் நான் பார்ப்பது இரண்டு விஷயங்கள். பூட்டுவதற்குச் சற்று முந்தைய அந்த எல்லையில் பிடியை விரலால் எவ்வளவு கூட்டிக் குறைக்க முடிகிறது என்பது ஒன்று. நீண்ட இறக்கத்தின் கடைசி வளைவிலும் லீவர் அதே இடத்தில்தான் பிடிக்கிறதா என்பது இன்னொன்று. முதலாவது பதம், இரண்டாவது நம்பகம். பிடிக்கு மூன்றாவது இடம்தான்.

வெப்பத்தை ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆளும் சைக்கிளுமாக 100 கிலோ, 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதாக வைத்துக்கொள்வோம். கரைக்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 490 கிலோஜூல். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சமெல்லாம் ரோட்டார் எனும் இரண்டு மெல்லிய உலோகத் தட்டுகளில்தான் இறங்குகிறது. டவுன்ஹில் பந்தய ஓட்டம் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் அதில் வேகமும் சரிவும் அதிகம். எண்டூரோவில் ஒரே நாளில் பல கட்டங்கள், சில கட்டங்கள் பத்து நிமிடத்தையும் தாண்டும், நடுவில் மிதித்து மேலே ஏறவும் வேண்டும். அதனால் எண்டூரோக்காரருக்கு எடையும் கை அயர்ச்சியும் கணக்கில் வந்தாக வேண்டும்.

சரி, பலரும் முதலில் தயங்கி நிற்கும் இடத்துக்கு வருவோம். எந்த நிறுவனம்: ஷிமானோவா, ஸ்ராமா?

ஷிமானோவின் நான்கு பிஸ்டன் எக்ஸ்டி எம்8120, டவுன்ஹில்லுக்கென்றே வந்த செயின்ட் எம்820, இரண்டிலும் சர்வோ வேவ் என்ற அமைப்பு உண்டு. லீவரை இழுக்கும்போது முதல் கொஞ்ச தூரத்தில் பேட்கள் (பிரேக் கட்டைகள்) வேகமாக ரோட்டாரை நெருங்கும். தொட்ட பிறகு நெம்புவிகிதம் மாறி விசை சட்டென்று ஏறும். விரல் அதிகம் உழைக்க வேண்டாம், லீவரும் நீண்ட தூரம் போகாது. கை சீக்கிரம் அயர்ந்துவிடுகிறவர்களுக்கு இது பெரிய வரம். குறை என்னவென்றால், தொட்டதுக்கும் முழுப் பிடிக்கும் நடுவே இடம் குறைவு. காய்ந்த பாறையில் அது தெரியாது. ஈர வேரில் முன் சக்கரத்தை அளந்து பிடிக்கும்போது நன்றாகவே தெரியும். அப்புறம், பிடிக்கும் இடம் நகர்கிறது என்பது பல வருடமாக ஓட்டுநர்கள் சொல்லிவரும் புகார். லீவரை அடுத்தடுத்து வேகமாக இழுத்தால் ஒரு முறை ஹேண்டில்பார் அருகே பிடிக்கும், அடுத்த முறை வெகு முன்னாலேயே பிடித்துவிடும். எல்லா ஜோடியிலும் இது வருவதில்லை. வந்தால், பிரேக் திரவத்தில் சிக்கிய காற்றை முழுமையாக வெளியேற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை.

ஸ்ராமின் கோட் ஆர்எஸ்சி இதற்கு நேரெதிர் குணம். இதன் லீவரிலும் நெம்புவிகிதத்தை மாற்றும் ஸ்விங்லிங்க் இருக்கிறது, ஆனாலும் பிடி படிப்படியாகத்தான் ஏறும். இழுத்த அளவுக்குக் கிடைக்கும். வழுக்கல் தடத்தில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இது. உடல் எடை அதிகம் உள்ளவர் நீண்ட செங்குத்தில் இறங்கும்போது மட்டும் "இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமே" என்று தோன்றும், விரலும் வலிக்கும். அந்தக் குறைக்குப் பதிலாகத்தான் 2024-ல் மேவன் வந்தது. கோட் காலிப்பரில் (பிஸ்டன்களும் பேட்களும் இருக்கும் பகுதி) பிஸ்டன்களின் விட்டம் 15, 16 மில்லிமீட்டர். முதலில் வந்த மேவனில் 18, 19.5 மில்லிமீட்டர். பரப்பளவாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. லீவரில் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் அளவும் சேர்ந்துதான் இறுதி விசையை முடிவு செய்யும் என்றாலும், ஓட்டும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கோட் டாட் 5.1 என்ற பிரேக் திரவத்தில் ஓடுகிறது, மேவன் மினரல் ஆயிலில். 60 கிலோ எடைகூட இல்லாத ஒருவர் எண்டூரோ சைக்கிளில் மேவனைப் போட்டுக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அத்தனை பிடியை ஆளவே அவருக்குப் பாதி கவனம் போய்விடும். 90 கிலோவைத் தாண்டியவர், லிஃப்டில் ஏறி நாள் முழுக்க இறங்குகிறவர், மின்சார மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர் என்றால் யோசிக்காமல் வாங்கலாம்.

மகுரா நிறுவனத்தின் எம்டி7, பிடியையும் பதத்தையும் ஓரளவு ஒன்றாகத் தருகிறது. நான்கு 17 மில்லிமீட்டர் பிஸ்டன், ஒரே துண்டாகச் செய்த காலிப்பர், பிஸ்டனுக்கு ஒன்றாக நான்கு தனித்தனி பேட். லீவர் பகுதியின் உடல் கார்பன் இழை கலந்த பிளாஸ்டிக், எடை குறைவு. ஆனால் அழுத்தும்போது உலோக லீவரின் இறுக்கம் இதில் கிடைக்காது. அந்த மென்மையைச் சிலர் விரும்புவார்கள், சிலர் நம்பவே மாட்டார்கள். இந்த பிரேக்கில் பொறுமை தேவைப்படும் வேலை காலிப்பரை ரோட்டாருக்கு நடுவில் நிறுத்துவது. பிஸ்டன்களில் ஒன்று சோம்பேறியாக இருந்தால் ரோட்டார் ஒரு பக்கம் வளைந்து உரசிக்கொண்டே இருக்கும். அப்போது பேட்களைக் கழற்றி, நன்றாக வேலை செய்யும் பிஸ்டன்களைப் பிளாஸ்டிக் நெம்பியால் தடுத்துக்கொண்டு, சோம்பேறி பிஸ்டனை மட்டும் சில மில்லிமீட்டர் வெளியே வரவிட வேண்டும். அதன் ஓரத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, அந்த பிரேக்குக்குரிய ஆயிலை ஒரு துளி தடவி, உள்ளே தள்ளி, மறுபடி வெளியே வரவிட்டுப் பார்க்க வேண்டும். நாலைந்து முறை செய்தால் நான்கும் சேர்ந்து நகரத் தொடங்கும். எந்த நிறுவனத்தின் பிரேக்கானாலும் இந்த வேலையைக் கற்று வைத்துக்கொள்வது நல்லது. "பிரேக் சரியில்லை" என்று மாற்றப்படுபவற்றில் பலவற்றுக்கு இதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

இங்கிலாந்தின் பார்னோல்ட்ஸ்விக் ஊரில் அலுமினியத்தைக் குடைந்து செய்யப்படும் ஹோப் டெக் 4 வி4 நீண்ட காலத்துக்கு வாங்குகிறவர்களுக்கானது. சீல், பிஸ்டன், திருகு என்று எந்தச் சின்ன உதிரிப்பாகமும் தனியாகக் கிடைக்கும். லீவரின் தூரம், பிடிக்கும் இடம் இரண்டையும் தனித்தனியே திருகி வைத்துக்கொள்ளலாம். முதல் தொடுகையில் ஷிமானோவின் வெடுக்குத்தனம் இல்லை. அதற்குப் பழகியவர்களுக்கு ஆரம்பத்தில் இது பலவீனமாகக்கூடத் தோன்றும். இன்னும் கொஞ்சம் இழுங்கள், பிடி அங்கேதான் இருக்கிறது.

ஹேயஸ் டொமினியன் ஏ4 அதிகம் பேசப்படாத நல்ல பிரேக். லீவர் மிக லேசாக இழுபடும், காலிப்பரை நடுவில் நிறுத்தச் சின்னத் திருகுகளே உண்டு. டிஆர்பி டிஎச்-ஆர் ஈவோ 2.3 மில்லிமீட்டர் தடிமன் ரோட்டாருக்கென வடிவமைக்கப்பட்டது, வெப்பத்தைத் தாங்குவதில் அதற்குத் தனி மரியாதை. இத்தாலியின் ஃபார்முலா குரா 4 எளிய அமைப்பு, குறைந்த எடை. எண்டூரோவுக்கு நன்றாகவே பொருந்தும்.

திரவத்தைப் பற்றி நிறையச் சண்டை நடக்கிறது, அவ்வளவு தேவையில்லை. டாட் 5.1 காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 260 டிகிரி. ஈரம் ஏறிய நிலைக்கான அளவுகோல் 180 டிகிரிதான். எனவே வருடம் ஒருமுறையாவது மாற்றிவிட வேண்டும். பெயின்ட்டையும் தோலையும் அரிக்கும். மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது, ஆனால் உள்ளே புகுந்த நீர் அடியில் தேங்கும். அடியில் இருப்பது காலிப்பர், அங்கேதான் சூடும் அதிகம். ஆக இரண்டுக்குமே பராமரிப்பு உண்டு. மறக்கக் கூடாதது இது: ஒன்றுக்குரிய பிரேக்கில் இன்னொன்றை ஊற்றினால் சீல்கள் கெட்டுவிடும். டாட் 5 என்பது சிலிக்கோன் திரவம், டாட் 5.1-க்குப் பதிலாக அதை ஊற்றவே கூடாது.

புது பிரேக்குக்குப் பணத்தை எடுக்கும் முன் ரோட்டாரைப் பாருங்கள். 180 மில்லிமீட்டரிலிருந்து 203-க்குப் போனால், அதே விரல் விசையில் ஏறக்குறைய 13 சதவீதம் கூடுதல் பிடி. 203-லிருந்து 220-க்கு 8 சதவீதம். சூட்டைத் தாங்கும் உலோகமும் கூடுகிறது. ஃபோர்க்கும் ஃபிரேமும் எவ்வளவு பெரிய ரோட்டாரை அனுமதிக்கின்றன என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். பேட்டிலும் அப்படித்தான். ரெசின் பேட் சத்தமில்லாமல் முதல் தொடுகையிலேயே பிடிக்கும், ஆனால் சேற்றில் வேகமாகத் தேயும், கடும் சூட்டில் மேற்பரப்பு கண்ணாடிபோல் இறுகிப் பிடி போய்விடும். உலோகப் பேட் ஈரத்தில் அலறும். ஆனாலும் நீண்ட இறக்கத்தில் அதுதான் நிற்கும். சில ரோட்டார்களில் ரெசின் பேட்டுக்கு மட்டும் என்று பொறித்திருப்பார்கள், அவற்றில் உலோகப் பேட் வேண்டாம்.

2015-ல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த டவுன்ஹில் உலகக் கோப்பைப் போட்டியில் அமெரிக்க வீரர் ஆரன் க்வின் தொடக்கத்திலேயே சங்கிலி அறுந்து, மிதிக்கவே வழியில்லாமல் இறங்கி வென்றார். வேகம் எங்கே சேர்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது: தாமதமாகப் பிடிப்பது, சீக்கிரம் விடுவது. அதற்கு விரல் நம்பும் பிரேக் வேண்டும். அதனால் என் வரிசை இப்படி இருக்கும். ஈரத் தடம், நடுத்தர எடை, எண்டூரோ என்றால் கோட் அல்லது ஹோப். கை சீக்கிரம் அயர்ந்தால் எக்ஸ்டி அல்லது டொமினியன். கனமான ஆள், செங்குத்தான டவுன்ஹில் என்றால் மேவன் அல்லது டிஎச்-ஆர் ஈவோ. காலிப்பரோடு பொறுமையாக மல்லுக்கட்டத் தயார் என்றால் எம்டி7.

எதை வாங்கினாலும் புதுப் பேட்டைப் பழக்காமல் தடத்துக்குக் கொண்டு போகாதீர்கள். சமதரையில் மிதமான வேகம் பிடித்து, சக்கரம் பூட்டாமல் நடை வேகத்துக்குக் குறையுங்கள், முழுதாக நிற்க வேண்டாம். இப்படி இருபது முறை. பிறகு வேகத்தைக் கூட்டி இன்னும் பத்து முறை. முன் பிரேக்குக்குத் தனியாக, பின் பிரேக்குக்குத் தனியாகச் செய்துவிட்டு, இரண்டும் ஆறும்வரை காத்திருந்து கிளம்புங்கள்.