ஒரே சோர்ஸ், ஆறு பேக்கேஜ்: டெபியனிலும் உபுண்டுவிலும் ஆறு வருட அனுபவம்

நான் பராமரிக்கும் புரோகிராம் பெரியது ஒன்றுமில்லை. கிளைக் கடைகளில் போடும் பில்களை என்கிரிப்ட் செய்து தலைமை அலுவலக சர்வருக்கு அனுப்பும், அவ்வளவுதான். சி++-ல் எழுதியது. கடை மெஷின்களில் ஓடுவது டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளங்கள். 2019-ல் டெபியன் 10 வந்த புதிதில் என் புரோகிராமுக்கு முதல் டெப் ஃபைலை (அவற்றில் இன்ஸ்டால் செய்வதற்கான பேக்கேஜ்) உருவாக்கினேன். இன்று டெபியன் 11, 12, 13, உபுண்டு 20.04, 22.04, 24.04 என்று ஆறுக்கும் தனித்தனி பேக்கேஜ் போகிறது. எல்லாக் கடைகளையும் ஒரே மூச்சில் அப்கிரேடு செய்ய முடிந்தால் இந்த வேலையே இல்லை. ஒரு கடையில் பிரிண்டர் டிரைவர் பழசு, இன்னொரு கடையில் பண்டிகை சீசன் முடியும்வரை மெஷினைத் தொட விடமாட்டார்கள்.

முதல் மூன்று வருடம் லேப்டாப்பில் ஒரு தடவை பில்ட் செய்து (சோர்ஸ் கோடை ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றி) எல்லா இடத்துக்கும் அதையே அனுப்பினேன். லேப்டாப்பை உபுண்டு 22.04-க்கு மாற்றியதும் அது முடிவுக்கு வந்தது. 20.04 மெஷினில் லிப்சி (பெரும்பாலான புரோகிராம்கள் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரி) 2.34 வேண்டும், இருப்பது 2.31 என்று பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் ஏபிடி மறுத்துவிட்டது. டெபியன் 11 அந்த ஃபைலைத் திறக்கவே இல்லை. உபுண்டு 21.10 முதல் பேக்கேஜ்களை இசட்எஸ்டிடி என்ற முறையில் சுருக்குகிறது; டெபியன் 11-ல் டெப் ஃபைலைப் பிரித்து நிறுவும் கருவியான டிபிகேஜிக்கு அதைப் பிரிக்கத் தெரியாது.

அப்புறம்தான் எஸ்பில்டு என்ற பில்ட் கருவிக்கு மாறினேன். டெபியன், உபுண்டுவின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு சுத்தமான சூழல், அதற்குள் நாம் பில்டுக்குத் தேவை என்று எழுதி வைத்தது மட்டுமே இன்ஸ்டால் ஆகும். முதல் ஓட்டத்திலேயே பில்ட் நின்றது. பிகேஜி-கான்ஃபிக் (பில்டின்போது லைப்ரரிகளைத் தேடித் தரும் கருவி) தேவை என்று மூன்று வருடமாக நான் எழுதவே இல்லை. லேப்டாப்பில் அது எப்போதும் இருந்ததால் தெரியவில்லை. லைப்ரரிப் பெயர்களின் தலைவலியும் இதோடு போனது. என்கிரிப்ட் செய்யும் லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல்லின் பேக்கேஜ் பெயர் டெபியன் 11-ல் லிப்எஸ்எஸ்எல்1.1, 12-ல் லிப்எஸ்எஸ்எல்3, 13-ல் லிப்எஸ்எஸ்எல்3டி64. அந்தந்தச் சூழலில் பில்ட் செய்தால் சரியான பெயரை டிபிகேஜி-யின் கருவியே பார்த்துப் போட்டுவிடும். இதைக் கையால் எழுதுபவர்கள் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது வெர்ஷன் எண். எது எந்த வெளியீட்டுக்கு என்று தெரிய, 1.8-1~புல்ஸ்ஐ1, 1.8-1~புக்வார்ம்1 என்று டெபியனின் செல்லப்பெயரை (11 புல்ஸ்ஐ, 12 புக்வார்ம்) ஒட்டி வைத்திருந்தேன். 2023-ல் ஒரு கடை மெஷினை 11-லிருந்து 12-க்கு மாற்றினேன். பில்கள் வந்துகொண்டிருந்தன, நிம்மதியாக இருந்தேன். சில வாரம் கழித்து வேறு வேலையாக உள்ளே போய்ப் பார்த்தால் இன்னும் புல்ஸ்ஐ பேக்கேஜ்தான் ஓடுகிறது! டிபிகேஜி வெர்ஷனை எழுத்தெழுத்தாக ஒப்பிடும். இரண்டு பெயரும் ஆங்கிலத்தில் பி-யில் தொடங்குகின்றன. அடுத்த எழுத்து புக்வார்முக்கு ஓ, புல்ஸ்ஐக்கு யு. அகரவரிசையில் ஓ முந்தியது என்பதால் 12-க்கான பேக்கேஜ்தான் பழசு என்று ஏபிடி விட்டுவிட்டது. பஸ்டர் (டெபியன் 10), புல்ஸ்ஐ, புக்வார்ம் மூன்றுமே இப்படிப் பின்னோக்கிப் போகின்றன. உபுண்டுவின் ஃபோகல் (20.04), ஜாமி (22.04), நோபிள் (24.04) அகரவரிசையிலேயே வருவதால் அங்கே இந்தத் தவறு வெளியே வரவில்லை.

அந்தச் சில வாரமும் வாடிக்கையாளர்களின் போன் நம்பர் உள்ள பில்கள், டெபியன் 12 தராத, பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராத லிப்எஸ்எஸ்எல்1.1 வழியாகப் போயிருக்கின்றன. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாளே ~டெப்11, ~டெப்12 என்று எண்ணுக்கு மாற்றினேன். டி, பி-க்குப் பின்னால் வருவதால் பழைய பெயர்களை இது தானாகவே மிஞ்சியது. டில்டே (~) குறியை மட்டும் விடாதீர்கள். அது இருந்தால்தான் 1.8-1~டெப்12 என்பது வெறும் 1.8-1-ஐவிடச் சின்னதாக இருக்கும். இப்போது என் புரோகிராமின் ஒவ்வொரு புதுப் பதிப்பின்போதும் ஒரு கன்டெய்னரில் (மெஷினுக்குள்ளேயே தனியாக ஓடும் ஒரு சூழல்) டெபியன் 11-ஐ ஏற்றி, என் பேக்கேஜைப் போட்டு, 12-க்கு அப்கிரேடு செய்து, எந்த வெர்ஷன் மிஞ்சுகிறது என்று பார்க்கிறேன். 12-லிருந்து 13-க்கும் அதே சோதனை. அரை மணி நேரம் ஆகும். ஒரு தடவைகூட விட்டதில்லை.

உபுண்டு 20.04-க்கான இலவச ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. அதில் இன்னும் இரண்டு கடைகள் இருக்கின்றன. அங்கே பேக்கேஜ் கட்ட உதவும் டெப்ஹெல்பர் 12 மட்டும் இருப்பதால் ஆறு பேக்கேஜையும் காம்பேட் 12-லேயே (டெப்ஹெல்பரின் எந்தப் பதிப்பின் முறைப்படி கட்டுவது என்பதைக் குறிக்கும் எண்) வைத்திருக்கிறேன். அந்த இரண்டு கடைகளும் மாறிய அன்றே காம்பேட் 13-க்கு ஏற்றிவிடுவேன்.