ஏ2212 காம்போ: பழி மோட்டார் மேல், தப்பு நம் கையில்

ஆர்சி (ரிமோட் கண்ட்ரோல்) விமானம் கட்டத் தொடங்குகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் இந்தப் பெட்டியைத்தான். ஏ2212 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற கணக்கு) பிரஷ்லெஸ் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈஎஸ்சி, 1045 (10 அங்குல) புரொப்பல்லர் ஒரு ஜோடி, இறக்கை, வால் மடல்களை அசைக்கும் எஸ்ஜி90 சர்வோ நான்கு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். தயாரித்தது யார் என்று கேட்டால் பதில் வராது. மோட்டார் ஒன்றுதான், ஸ்டிக்கர்தான் கடைக்குக் கடை மாறும். உள்ளே செய்முறைத் தாள் என்று ஒன்று இருக்காது. இந்த காம்போவுக்கு விழும் ஒற்றை ஸ்டார்களில் பாதிக்கு மேல் அந்தத் தாளுக்குப் போக வேண்டியவை.

முதலில் பொருள். மோட்டார் 50 கிராம் சுற்றி, தண்டு 3.17 மி.மீ. 3எஸ் லிப்போவில் (மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி) 10 அங்குல புரொப்போடு 800 கிராம் சுற்றி இழுக்கும். ஒரு மீட்டர் இறக்கை, 700 முதல் 900 கிராம் எடை உள்ள டிரெய்னருக்கு (பழகுவதற்கான விமானம்) கச்சிதம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வாங்கும்போதே நடக்கும் அசட்டுத்தனம் ஒன்று உண்டு. 1000, 1400, 2200 கேவி மூன்றும் பார்வைக்கு ஒரே மோட்டார். ஸ்டிக்கரைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். 2200 கேவிக்கு 6 அங்குல புரொப்தான் சரி. அதில் 10 அங்குலத்தை மாட்டினால் ஒரு நிமிடத்தில் சுருள் கம்பியின் எனாமல் பூச்சு கருகும் வாடை வரும். புரொப் கேட்கும் பவர் சுழற்சி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், விட்டத்தின் நான்மடிப் பெருக்கத்தில் ஏறும். அதை எந்த 30 ஆம்பியர் ஈஎஸ்சியும் தாங்காது.

அடுத்தது மோட்டாரை விமானத்தில் பொருத்தும் எக்ஸ் வடிவ மவுண்ட். கூட வரும் எம்3 ஸ்க்ரூக்கள் சில பாக்கெட்டில் நீளமாக இருக்கின்றன. இது விற்பவர் குற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் கையில் இருக்கிறதே என்று முழுக்க முறுக்குவது நம் குற்றம். ஸ்க்ரூ நுனி மோட்டாரின் அடித்தட்டைத் தாண்டி உள்ளே போனால் செப்புச் சுருளில் குத்தி எனாமலை உரித்துவிடும். முறுக்கிய பிறகு மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, ஒரு முனையை மோட்டார் ஒயரிலும் மறுமுனையை உடலிலும் தொடுங்கள். பீப் அடித்தால் ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். பேட்டரியை மட்டும் இணைக்காதீர்கள். ஸ்க்ரூவுக்கு அடியில் ஒரு வாஷர் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம்.

மோட்டாரின் மூன்று ஒயர்களும் நீளமாகத் தெரியும். அழகுக்காக வெட்டுகிறவர்கள் நிறையப் பேர். வெட்டாதீர்கள். அது சாதாரண ஒயர் அல்ல, உள்ளே இருக்கும் சுருள் கம்பியே நீண்டு வெளியே வருகிறது. ஒவ்வொரு இழையிலும் எனாமல் பூச்சு. வெட்டிய முனையில் ஈயம் ஒட்டாது. ஒட்டின மாதிரி தெரிந்தாலும் ஓரிரண்டு இழையில்தான் கரண்ட் போகும். மோட்டார் சுற்றாமல் விக்கி விக்கித் துடிக்கும். "மோட்டார் டெட்" என்று திருப்பி அனுப்பப்படுவதில் இந்த ரகமும் உண்டு. மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் எந்த இரண்டு ஒயரை மாற்றினாலும் சரியாகிவிடும்.

எக்ஸ்டி60 பேட்டரி கனெக்டரை சால்டர் செய்யும்போது, சூட்டில் சுருங்கி இணைப்பை மூடும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூபை முதலிலேயே ஒயரில் கோத்துவிடுங்கள். மேசை மேல் மறந்து வைத்துவிட்டு, சால்டரிங் முடிந்ததும் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாதவர் இந்த வட்டாரத்தில் கிடையாது. கனெக்டருக்கு அதன் ஜோடியைச் செருகி வைத்துச் சூடாக்குங்கள். பிளாஸ்டிக் இளகினாலும் பின் நகராது.

புரொப்பல்லர்தான் இந்தப் பெட்டியின் மோசமான உருப்படி. ஜோடி என்றதும் ஒன்று ஸ்பேர் என்று நினைக்கிறோம். இல்லை, இது குவாட்காப்டருக்கான (நான்கு மோட்டார் ட்ரோன்) ஜோடி. ஒன்று 1045, மற்றது எதிர்ச் சுழற்சிக்கான 1045ஆர். ஆர் போட்டதை வழக்கமான திசையில் சுற்றினால் விமானம் பின்னால் தள்ளப்படும். சரியானதையே முன்பின் மாற்றி மாட்டினால் இன்னும் வேடிக்கை: காற்று வரும், சத்தமும் வரும், இழுவை மட்டும் குறைவாக இருக்கும். எழுத்து உள்ள பக்கம் விமானம் பறக்கும் திசையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டையும் எடுத்து வைத்துவிட்டு 10x4.7 ஸ்லோ ஃப்ளை புரொப் ஒன்று தனியாக வாங்குவதே மேல்.

புரொப்பைப் பிடிக்கும் காலட் அடாப்டர் வெறும் இறுக்கத்தில்தான் தண்டைப் பற்றுகிறது. குண்டு மாதிரி இருக்கும் அந்த நட்டில் குறுக்கே ஒரு துளை இருக்கிறதே, அலங்காரத்துக்கு அல்ல. அதில் ஆலன் கீயை நுழைத்து நெம்பி இறுக்க வேண்டும். விரலால் மட்டும் முடுக்கினால் முழு த்ராட்டிலில் (முழு வேகத்தில்) புரொப் தனியாகப் பறக்கும். அதன் எதிரில் நிற்பவர் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஈஎஸ்சி பரவாயில்லை ரகம். ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மின்சாரம் தர அதன் உள்ளிருக்கும் 5 வோல்ட் பெக் லீனியர் வகை, 2 ஆம்பியர். பேட்டரியின் 12.6 வோல்ட்டில் மிச்சம் 7.6 வோல்ட்டும் சூடாகத்தான் வெளியேறும். 1 ஆம்பியர் இழுத்தாலே 7.6 வாட். நான்கு எஸ்ஜி90க்குச் சமாளிக்கும், காற்றுப்படும் இடத்தில் வைத்தால். ஃபோமுக்குள் புதைத்து டேப் சுற்றினால் நடுவானில் ரிசீவர் அணையும். ஈஎஸ்சிக்கு த்ராட்டிலின் மேல், கீழ் எல்லையைக் கற்றுக்கொடுக்கும் காலிபிரேஷனுக்கு முன் புரொப்பைக் கழற்றிவிடுங்கள். பிறகு டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்து, த்ராட்டிலை முழுக்க ஏற்றி, பேட்டரியை இணைத்து, பீப் கேட்டதும் கீழே இறக்குங்கள்.

சர்வோ பாக்கெட்டில் இரண்டு கூர் ஸ்க்ரூ, ஒரு சின்ன ஸ்க்ரூ. சின்னதுதான் ஹார்னின் (சர்வோ தண்டில் மாட்டும் கை) நடுவுக்கு. கூரானதை அங்கே முறுக்கினால் பிளாஸ்டிக் தண்டு பிளக்கும். ஹார்னை மாட்டும் முன் ரிசீவரில் இணைத்து, டிரிம்மை நடுவில் வைத்து, சர்வோ நிலைக்கு வந்ததும் 90 டிகிரியில் பொருத்துங்கள். எலிவேட்டருக்கு (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) மட்டும் உலோகக் கியர் எம்ஜி90எஸ் போடலாம். சில கிராம் கூடும், போகட்டும்.

இதோடு அதிகம் ஜோடி சேர்வது ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6. நல்ல டிரான்ஸ்மிட்டர். ஒரே பொறி: ரிவர்ஸ் மெனுவில் ஐலரானை (இறக்கை மடல்) மாற்றிவிட்டு கேன்சல் பட்டனைச் சும்மா தட்டினால் மாற்றம் பதியாது. அழுத்திப் பிடித்தால்தான் பதியும். ஆகவே மைதானத்தில், விமானத்தின் வாலுக்குப் பின்னால் நின்று மறுபடி பாருங்கள்: குச்சியை வலது பக்கம் தள்ளினால் வலது ஐலரான் மேலே எழ வேண்டும். மூக்குக்கு எதிரே நின்று பார்த்தால் எல்லாம் கண்ணாடி பிம்பமாகி, தலைகீழ் ஐலரானும் சரியாகவே தெரியும்.

மோட்டாருக்கு நாலு ஸ்டார், ஈஎஸ்சிக்கு மூன்று, சர்வோவுக்கு மூன்று, புரொப்புக்குச் சுழியம். கூடவே 3எஸ் 2200 எம்ஏஎச் பேட்டரி, செல்லுக்கு 3.5 வோல்ட்டில் கத்தும் பஸ்ஸர், 6 மி.மீ. எம்3 ஸ்க்ரூ நான்கு, வாஷர் நான்கு என்று சீட்டில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.